உழைப்பாளர் ஆவணப்படங்களில் குரலுரிமை: ஜொகூரை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

2014 செப்டம்பரில் ஜொகூர் பாருவில் நிகழ்ந்த ஓர் ஆவணப்படத் திரையிடல் நம் கவனத்திற்குரியது. டான் பின் பின் இயக்கிய ‘டு சிங்கப்பூர், வித் லவ்’ (2013) என்னும் படத்தைப் பொதுவில் திரையிடச் சிங்கப்பூரில் அனுமதி மறுக்கப்பட்டது. அதனைக் காண அந்நாட்டு மக்கள் பலர் கடற்பாலம் கடந்து ஜொகூர் பாருவுக்கு வந்தனர். நாடு நீங்கி வாழ்வோரைப் பற்றிய அப்படத்தில், 1970களில் ஆட்குறைப்புக்கு ஆளான தொழிலாளர் பக்கம் நின்று சிறை சென்ற மாணவர் தலைவர் ஒருவரும் பேசுகிறார். நாள்தோறும் விடியுமுன் ஜொகூர் உழைப்பாளர் வேலைக்குச் செல்லும் அதே பாலத்தைச் சில குரல்களைக் கேட்பதற்காக மக்கள் எதிர்த்திசையில் கடந்தனர். ஆவணப்படத்தில் உழைப்பாளருக்காகப் பேசுவோர் யார், உழைப்பாளரே பேசும் இடம் எது என்னும் வினாக்களை இந்நிகழ்வு எழுப்புகிறது.

பேசப்பட்டோரும் பேசுவோரும்

1946இல் தோன்றிய மலாயன் ஃபிலிம் யூனிட்டின் படங்கள் பிற மொழிகளோடு தமிழ் உரையுடனும் வெளிவந்தன. அவசரகாலத்தில் (1948–1960) நடமாடும் படவண்டிகள் அவற்றைத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றன. திரையில் தமிழ் ஒலித்தது உண்மை. ஆயினும் அது பெரும்பாலும் தொழிலாளரை நோக்கிப் பேசிய தமிழேயன்றித் தொழிலாளர் பேசிய தமிழன்று. முகம் அவர்களுடையது, குரல் அரசினுடையது எனலாம்.

இதற்கு நேர்மாறானது அமுதன் ஆர்.பி.யின் ‘பீ’ (2003). மதுரைத் தெருவொன்றில் மலம் அள்ளும் துப்புரவுப் பெண்ணொருவரை அது பின்தொடர்கிறது. அவர் தம் வேலையினூடே தாமே பேசுகிறார், ஏசுகிறார். அவரது சினம் விளக்கவுரையால் மெருகூட்டப்படவில்லை. படத்தின் தலைப்பே பார்வையாளரின் நாகரிகக் கூச்சத்தைச் சோதிக்கிறது. திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) இதனை ஒரு பெண்ணின் துயராக நிறுத்தாது, பல ஊர்த் துப்புரவுத் தொழிலாளரின் சாட்சியமாக விரிக்கிறது.

எனினும், தொழிலாளர் குரலைப் பதிவு செய்தாலே போதும் என்று கருதுதல் பொருந்தாது. பேசவைப்பவரும் வெட்டித் தொகுப்பவரும் இயக்குநரே. மேலும், துயரை மட்டும் கேட்பிக்கும் படம் இரக்கத்தைத் தருமேயன்றித் துயரின் காரணத்தை உணர்த்தாது. பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ (2005) இங்கே நினைக்கத்தக்கது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அப்படம் எஞ்சியோரின் நினைவுகளை, அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தோடு சேர்த்து வைக்கிறது. அதனால் கண்ணீர் வரலாற்றுச் சான்றாகிறது. குரலும் காரணமும் இணையும்போதே உழைப்பாளர் ஆவணப்படம் நிறைவெய்தும் என்பது நம் துணிபு.

ஜொகூர்ச் சூழல்

இவ்வளவுகோலை ஜொகூருக்குப் பொருத்திப் பார்த்தல் நம் கடமையாகும். ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் குடியிருப்புகளுக்கும் இடம் கொடுத்தன. தோட்ட மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தனர். தோட்டத்தை விட்டு இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகள் பல இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், வெளிக்காட்டு வேலை, கிராணி, தண்டல் முதலிய சொற்கள் அப்பள்ளி மாணவரின் பாட்டிமார் நாவில் மட்டுமே முழு உயிரோடு உள்ளன. இச்சொற்களை அகராதி காக்கக்கூடும். ஆனால், ‘பெரட்டு’ என்னும்போது குரலில் ஏறும் அச்சத்தை எந்த அகராதியும் காக்க இயலாது. அதனை ஒளியும் ஒலியுமே காக்க வல்லன.

முடிவுரை

நம் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் இப்பணியைத் திரைப்படக் கலைஞர்க்கே உரியதென ஒதுக்குதல் ஆகாது. முதியோரின் இசைவு பெற்று, அவர்தம் பேச்சு வழக்கைத் திருத்தாமல், சோக இசை சேர்க்காமல் பதிவு செய்தல் வேண்டும். தொகுத்த படத்தோடு வெட்டப்படாத மூலப் பதிவையும் பேணுதல் வேண்டும். கூலிச் சீட்டு, சங்க உறுப்பினர் அட்டை போன்ற சான்றுகளையும் உடன் திரட்டல் நன்று. தோட்டத்தின் பெயர் பள்ளிப் பலகையில் எஞ்சியுள்ளது. அப்பெயரைத் தம் உழைப்பால் உண்டாக்கியோரின் குரலும் எஞ்ச வேண்டுமாயின், அவர்கள் பேச வல்லவராய் இருக்கும்போதே நாம் செவிமடுத்தல் வேண்டும்.