கொடியிடையும் கொழுந்துக் கூடையும்

பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று பெண்ணின் உடலைப் பாடுவதற்கென்றே சிற்றிலக்கிய வகைகளை வகுத்துக்கொண்ட மொழி நமது. அங்கே இடை கொடியாகும். சில புலவர்களுக்கு அது இருக்கிறதா என்பதே ஐயமாகிவிடும். பெண்ணின் கண்ணுக்கு எந்த உடல் அழகு என்று மட்டும் நாம் கேட்டதில்லை.

பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கேட்டுப் பார்த்தோம். "பூசுனாப்புல இருக்கணுங்க ஐயா" என்றார் இறப்பர் மரத்தில் பால்வெட்டியே மூப்படைந்த ஒரு பாட்டி. அவருக்கு அழகென்பது மழையிலும் சறுக்காமல் மேடேறும் கால்; கூடை சுமக்கும் முதுகு. பேத்தியோ ஒல்லியான உடம்பே அழகென்று சாதித்தாள். சான்றாகக் கைத்தொலைபேசியில் ஒரு நடிகையின் படத்தையும் காட்டினாள். காலை ரொட்டியில் பாதியைத் தம்பியிடம் நீட்டிவிட்டு, "ஒடம்பக் கொறைக்கிறேன்" என்றாள். அது விருப்பமா, வீட்டின் பற்றாக்குறைக்கு அவள் இட்ட நல்ல பெயரா? நம்மால் பிரித்தறிய முடியவில்லை.

2016ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில், இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நூற்றுக்கு 17 பேர். பெருந்தோட்டங்களிலோ 32 பேர். அழகைப் பற்றிய பேச்சுத் தொடங்குமுன்பே உடலின் அளவைச் சோறு தீர்மானித்துவிடுகிறது.

'ரசனை அவரவர் சொந்த விஷயம்' என்பார் உண்டு. அவர்கள் பிஜித் தீவைப் பார்க்கட்டும். சதைப்பற்றுள்ள உடலே சிறப்பெனக் கொண்டிருந்த அத்தீவின் நத்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. எடை குறைப்பதற்காக வாந்தியெடுக்கும் மாணவி அப்போது ஆய்வில் ஒருத்தியும் இல்லை. 1998இல் நூற்றுக்குப் பதினொருவர் இருந்தனர் என்று ஆன் பெக்கர் என்ற மானிடவியலாளர் எழுதினார். மூன்றே ஆண்டுகள்!

எனினும் திரைமீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பிக்க இயலாது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', தோட்டம் மருதியின் உடலை எவ்வாறு சீரழித்தது என்பதை 1930களிலேயே காட்டிற்று. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) வள்ளி என்னும் தோட்டத்துப் பெண்ணின் வாழ்வையே நாவலாக்கிற்று. அவற்றின் வழிவந்ததாகச் சொல்லிக்கொள்ளும் முற்போக்குக் கதைகளுள் நாம் படித்த பலவற்றில், தோட்டத்துப் பெண் ஒன்று இரங்குவதற்குரிய எலும்புக்கூடு. இல்லையேல் மோகிப்பதற்குரிய கருஞ்சிலை. இரண்டும் பார்ப்பவனின் வசதிக்கே. ஆணுக்கு நிகரான நாட்கூலியை அவள் 1984இல் பெற்றாள். தன் உடலைப் பற்றித் தானே பேசும் இடத்தை நம் எழுத்தாளர் இன்னும் தரவில்லை. பாதி ரொட்டியை நீட்டுகிற பெண் தன் மெலிவை அழகென்று சொல்லும் அக்கணத்தில் அவள் மனத்தில் நிகழ்வதை எழுதிய கதையொன்றை நாம் இதுவரை படித்ததில்லை.