'போதையனார்' செய்யுளும் செங்கோண முக்கோணமும்: ஒரு மறுமதிப்பீடு

செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலமின்றிக் காண வழிகூறும் சிறு செய்யுள் ஒன்று அண்மைக்கால எழுத்துகளில் மிகுதியும் எடுத்தாளப்படுகின்றது. இதனைப் போதையனார் என்னும் பழம்புலவருக்கு உரியதாக்கி, பிதாகரசுக்கு முன்னரே தமிழர் அத்தேற்றத்தைக் கண்டனர் என முடிபு கூறுவோர் உளர். இம்முடிபு கணிதத்தையும் காலத்தையும் ஒன்றாகக் குழப்புகின்றது.

விதி எளியது. நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைக் கழித்து, எஞ்சியதனோடு உயரத்தின் பாதியைக் கூட்டவேண்டும். 4, 3 எனும் பக்கங்களுக்கு 3.5 + 1.5 = 5 கிடைக்கின்றது; 12, 5 எனும் பக்கங்களுக்கு 10.5 + 2.5 = 13. எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் இவ்விரண்டோடு அமைகின்றனர். நீளத்தை நீ எனவும் உயரத்தை உ எனவும் கொண்டு, இவ்விதியின் விடையையும் தேற்றத்தின் விடையையும் சமப்படுத்தினால் 15நீ² − 56நீஉ + 48உ² = 0 என்னும் சமன்பாடு எழும். அதன் தீர்வுகள் நீ : உ = 4 : 3, 12 : 5 ஆகிய இரண்டே. அதாவது, அடிக்கோணம் ஏறத்தாழ 36.9 பாகையாகவோ 22.6 பாகையாகவோ இருக்கும்போது மட்டுமே விதி துல்லியமானது. பிற செங்கோண முக்கோணங்கள் அனைத்திலும் அது தோராயமே. 15, 8 பக்கங்களுக்கு 17க்கு மாறாக 17.125 வருகின்றது, 24, 7 பக்கங்களுக்கு 25க்கு மாறாக 24.5. பக்கங்கள் சமமாயின் பிழை 2.8 விழுக்காடு. உயரம் மிகக் குறையக் குறையப் பிழை 12.5 விழுக்காட்டை நெருங்கும். 3ஐ நீளமாகவும் 4ஐ உயரமாகவும் மாற்றிவைத்தாலோ 4.625 என்றாகிவிடும், பெரிய பக்கத்தையே எட்டாகப் பகுக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பரப்புவோர் பலரும் சுட்டுவதில்லை.

எனினும் இவ்விதியை இகழ்தல் தகாது. அவ்விரு கோணங்களுக்கும் இடைப்பட்ட சாய்வுகளில் பிழை ஒரு விழுக்காட்டையும் எட்டுவதில்லை. கூரையின் கைம்மரத்தை அளந்து அறுக்கும் தச்சருக்கு இதனினும் எளிய வாய்பாடு அரிது. இது பயன்பாட்டு அறிவு. பக்கங்களின் வர்க்கங்களுக்கிடையே உள்ள உறவை இது சொல்லவில்லை, ஆகவே தேற்றமாகாது.

காலம் பற்றிய வாதம் இன்னும் வலுவற்றது. செய்யுளை எடுத்தாளுவோர் சுவடியையோ பதிப்பையோ சுட்டக் காண்பது அரிது. அதன் நடையும், கர்ணம் என்னும் வடசொல்லாட்சியும் சங்கச் செய்யுளோடு ஒவ்வா. நற்றிணை 110ஆம் பாடலைப் பாடியவர் போதனார். அவர் பாடியது அகப்பாடல். சுல்ப சூத்திரம் இயற்றிய போதாயனரோ செவ்வகத்தின் மூலைவிட்டத்தைப் பரப்புகளின் வழியே கூறியவர். எட்டில் ஏழு என்னும் கணக்கு அக்கூற்றில் இல்லை. பெயரொலி ஒப்புமை ஒன்றையே பற்றி இம்மூவரையும் இணைக்க இயலாது. (ஆய்வேடுகளிலும் இவ்விணைப்பு நுழையுமாயின் அது கவலைக்குரியது.)

வட்டச் சுற்றளவின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கிப் பரப்புக் காணும் விதி கணக்கதிகாரத்தில் உள்ளது. அது தோராயமன்று, முழுத் துல்லியமானது, பதிப்பும் உடையது. அதனை எடுத்தாள்வோர் சிலரே.