உறை: ஒரு சொல்லின் பல பொருள்கள்

மூடுதலைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுள் ‘உறை’ தனக்கென ஒரு வரையறை உடையது. மூடி வாயை மட்டும் அடைக்கிறது. போர்வை மேலே பரந்து கிடக்கிறது. திரை இடையில் நின்று மறைக்கிறது. உறையோ தான் கொள்ளும் பொருளின் வடிவத்தையே தன் வடிவமாக ஏற்றுச் சுற்றிலும் பொருந்தி நிற்பது. வாளுறை, தலையணை உறை, கையுறை, காலுறை ஆகிய எல்லாவற்றிலும் இந்தப் பொருத்தமே அடிப்படையாதலின், உறையை வெறும் மறைப்பு என்று பொருள் கூறி முடிப்பது போதாது.

இதற்குச் சிறந்த சான்று உறைகிணறு. மணற்பாங்கான நிலத்தில் தோண்டும் குழி சரிந்துவிடும் என்பதால், சுட்ட மண்ணால் செய்த அகன்ற வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிப் பக்கங்களைத் தாங்கச் செய்வர்; அவ்வளையம் ஒவ்வொன்றும் ஓர் உறையாகும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் புறச்சேரியைக் காட்டும்போது இக்கிணற்றைக் குறிப்பிடுகிறார். கீழடி அகழாய்வில் இத்தகைய சுடுமண் உறைகள் அடுக்கிய நிலையிலேயே வெளிப்பட்டன. வாளுறை வாளுக்கு வெளியே இருக்கக் கிணற்றுறை மண்ணுக்கு உள்ளே இருக்கிறது. ஆயினும் பொருந்தி நின்று காக்கும் தொழில் இரண்டுக்கும் ஒன்றே. சிமெண்ட் வளையம் வந்த பின்னும் கிணறு வெட்டுவோர் ‘உறை இறக்குதல்’ என்றே சொல்வது, பழஞ்சொல் தொழிலோடு ஒட்டி உயிர்வாழ்வதைக் காட்டுகிறது.

மூடுதலோடு தொடர்பில்லாத பொருள்களும் இதே ஒலிவடிவில் வழங்குவதே ஆய்வுக்குரிய சிக்கல். திருக்குறளின் பொருட்பாலை மட்டும் நோக்கினாலே இது விளங்கும். கொடுங்கோன்மை அதிகாரத்து 559ஆம் குறளில் உறை என்பது பருவமழை. அடுத்த அதிகாரத்து 564ஆம் குறளில் அது வாழ்நாள். 680ஆம் குறளில் ஆளும் இடம். முன்னிரண்டும் அரசனின் கொடுமையால் விளையும் கேட்டையே பேசுவதாலும், இடையே நான்கு குறள்களே நிற்பதாலும், கவனமின்றிப் படிப்பவர் ஒரு பொருளை மற்றொன்றில் ஏற்றிவிடக்கூடும். வாழ்நாள் என்னும் பொருள் எவ்வாறு வந்தது என்பதை உரையாசிரியர் பரிமேலழகர் தெளிவாக்குகிறார். ‘உறைதல்’ என்னும் வினையின் பகுதி விகுதி ஏற்காமல் பெயராக நிற்பது முதனிலைத் தொழிற்பெயர்; அவ்வாறு தங்குதலைக் குறித்த பெயர், ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகிவரும் ஆகுபெயர் முறையால், தங்கியிருக்கும் காலத்தின்மேல் நிற்கிறது. உறைவிடம், உறையுள் என்பனவும் இத்தங்குதல் பொருளினவே.

பாலில் மோர் விட்டுத் தயிராக்குவதை ‘உறை ஊற்றுதல்’ என்றும் ‘உறை குத்துதல்’ என்றும் கூறுவர். ஓடும் நீர்மம் ஓரிடத்தில் தங்கிக் கெட்டியாவதே உறைதல் எனக் கொண்டால், இது குடியிருத்தல் பொருளுக்கு அண்மையில் வந்துவிடுகிறது. இந்த இணைப்பு ஏற்கத்தக்கது. ‘உறைத்தல்’ என வலித்து வரும் வினையோ வேறு. யாழ்ப்பாணத்தில் மிளகாயின் காரத்துக்கு ‘உறைப்பு’ என்பதே அன்றாடச் சொல், தமிழகத்தில் ஒரு செய்தி மனத்தில் சுருக்கெனப் படுவதையும் உறைத்தது என்பர்.

இக்கால மருத்துவத் தமிழில் மூடுதல், கெட்டியாதல் என்னும் இரு பொருள்களும் அருகருகே வழங்குகின்றன. மூளையுறை அழற்சி என்பதில் உறை மூளையைச் சூழ்ந்த சவ்வு. இரத்த உறைவு என்பதில் குருதி கட்டியாதல். சூழல் தெளிவாக இருப்பதால் மயக்கம் நேர்வதில்லை.

எல்லாப் பொருளையும் ஒரே வேரில் கட்ட முனைவது கவர்ச்சியானதே ஆயினும் சான்றுக்கு அப்பாற்பட்டது. வாளின் கூட்டைக் குறிக்கத் தெலுங்கில் ‘ஒர’, மலையாளத்தில் ‘உற’ என இனச்சொற்கள் இருப்பதால், மூடுதல் பொருள் தமிழில் மட்டும் பின்னாளில் கிளைத்ததன்று, தொன்மையானது என்பது உறுதி. அதனைத் தங்குதலிலிருந்து பிறப்பிக்க வேண்டிய தேவை இல்லை. மழையைக் குறிக்கும் உறையும் தனித்து வைக்கத்தக்கதே. அகராதி தொகுப்போர் இவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே காட்டி, நூல் வழக்கோடு நின்றுவிடாமல், கிணறு வெட்டுவோரும் பால் கறப்போரும் இன்றும் சொல்லிவரும் வழக்குகளை ஊர்ப் பெயருடன் பதிவு செய்ய வேண்டும்.