வான யாத்திரையும் பெண்களும்

வான யாத்திரையில் ஆண்களுக்கு இருக்கிற உற்சாகம் பெண்களுக்கு இல்லை என்று அமெரிக்காவில் எடுக்கும் அபிப்பிராயக் கணக்குகள் வெகுகாலமாகச் சொல்லி வருகின்றன. சந்திரனுக்கு ஆள் அனுப்பத் திட்டமிட்ட நாளிலேயே அப்படித்தான். 2018-ல் பியூ ஆராய்ச்சி நிலையம், விண்வெளிக்குப் போய்வர இஷ்டமா என்று விசாரித்தது. ஆண்களில் நூற்றுக்கு 51 பேர் இஷ்டம் என்றார்கள். பெண்களில் 33 பேர். பெண் பயந்த சுபாவம், பூமியை விட்டு நகர மாட்டாள் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு இது சம்மதமில்லை.

மார்கோ லீ ஷெட்டர்லி 2016-ல் வெளியிட்ட 'ஹிட்டன் ஃபிகர்ஸ்' என்ற புஸ்தகத்தைப் படித்த பிறகு சற்றும் சம்மதமில்லை. வர்ஜீனியாவில் லாங்லி ஆராய்ச்சிக்கூடத்தில் கணக்குப் போட்ட கறுப்பினப் பெண்களின் சரித்திரம் அது. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. தகவல்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. ஒருத்தியின் மனசு நமக்குப் பிடிபடுவதற்குள் அடுத்த தேதி வந்துவிடுகிறது. ஆனாலும் ஒரு கட்டத்துக்காக எதையும் மன்னிக்கலாம். 1962 பிப்ரவரியில் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவரப் புறப்பட வேண்டும். புதிய கணிப்பொறி போட்ட கணக்கை மட்டும் நம்பி ஏற அவருக்கு மனமில்லை. காதரின் ஜான்சன் மறுபடி போட்டுப் பார்க்கட்டும் என்கிறார். அந்த அம்மாள் சரி என்ற பிறகே புறப்படுகிறார்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது அதே வருஷம் ஜூலையில் நடந்தது. ஆண் வீரர்களுக்கு வைத்த அதே மாதிரி வைத்தியப் பரிசோதனைகளில் 13 பெண் விமானிகள் தேறியிருந்தார்கள். அவர்களுக்காக ஜெர்ரி காப் அமெரிக்கக் காங்கிரஸின் உபகமிட்டி முன் நியாயம் கேட்டார். மறுத்துச் சாட்சி சொன்னவர்களில் கிளென்னும் ஒருவர்! பெண்கள் இத்துறையில் இல்லாதது நம் சமூக அமைப்பு என்றார். ஜெட் விமானங்களைச் சோதித்து ஓட்டியவர்களுக்கே இடம் என்பது விதி. ராணுவமோ அந்த வேலையில் பெண்களைச் சேர்ப்பதில்லை. கதவை இதைவிட மரியாதையாகச் சாத்த முடியாது. ஸாலி ரைட் போவதற்கு 1983 ஆயிற்று. ரஷ்யாவில் தெரஷ்கோவா 1963-லேயே போனார் என்பது வாஸ்தவம். ஆனால் அங்கும் அடுத்த பெண் போக 19 வருஷம் பிடித்தது.

அறுபதுகளில் பெரும்பாலான வருஷங்களில், சந்திர யாத்திரை அத்தனை செலவுக்குத் தகாது என்ற அமெரிக்கர்களே அதிகம். அவர்களில் ஆண்களும் ஏராளம். அதை யாரும் பயம் என்று சொல்லக் காணோம்.

மேரி ஜாக்ஸன் எஞ்சினியர் ஆவதற்காக, வெள்ளையர் பள்ளிக்கூடத்தில் நடந்த வகுப்பில் உட்கார நகரத்தாரிடம் விசேஷ அனுமதி வாங்க வேண்டியிருந்தது. புஸ்தகம் முழுவதற்கும் பொறுமையில்லாதவர்கள் அந்தப் பகுதியை மட்டுமாவது படிக்கலாம்.