ஏழு அடுக்குக்குள் அடங்காத ஏ.ஆர்.பி.

கணிப்பொறி வலையமைப்பு பற்றிய பாடநூல் எதைத் திறந்தாலும் ஏழு அடுக்குப் படம் ஒன்றைக் காண்பீர்கள். சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம் 1984-இல் வெளியிட்ட ஓ.எஸ்.ஐ. மாதிரி அது. நல்ல படம்தான். செப்புக் கம்பியை எடுத்துவிட்டு ஒளியிழை போட்டாலும் மேலே உள்ள நெறிமுறையைத் திருத்த வேண்டியதில்லை என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது. ஆனால் நம் நூல்கள் அத்துடன் நிற்பதில்லை. எல்லா நெறிமுறைகளையும் ஏதேனும் ஓர் அடுக்கில் உட்கார வைத்துவிடுகின்றன. இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

ஆண்டுகளைக் கவனியுங்கள். ஏ.ஆர்.பி. 1982-இல் வந்தது. ஆர்ப்பாநெட் டி.சி.பி., ஐ.பி. நெறிமுறைகளுக்கு மாறியது 1983 ஜனவரி 1-இல். மாதிரி வெளியாகுமுன்பே இவை வேலை செய்யத் தொடங்கிவிட்டன.

ஏ.ஆர்.பி. செய்வது என்ன? ஐ.பி. முகவரி தெரிகிறது, ஈதர்நெட்டில் செய்தி அனுப்பவோ வலையமைப்பு அட்டையின் 48 பிட் முகவரி வேண்டும். “இந்த ஐ.பி. முகவரி யாருடையது?” என்று எல்லோரையும் கேட்கிறது, உரிய கணிப்பொறி விடை தருகிறது. கேட்பது மூன்றாம் அடுக்கின் முகவரியைப் பற்றி. கேள்வி பயணம் செய்வதோ ஐ.பி. பொதிக்குள் அன்று, நேரே இரண்டாம் அடுக்கின் சட்டகத்துக்குள். ஆகவே ஒரு நூல் இதை இரண்டில் வைக்கிறது, மற்றொன்று மூன்றில்.

தேர்வில் மாணவருக்கு மதிப்பெண் கிடைப்பது திருத்துபவர் படித்த நூலைப் பொறுத்தது! நானும் அப்படித் திருத்தியவன்தான்.