லாட்டின் கம்பமும் நம் தோட்டமும்

லாட் வரைந்த ‘தி கம்போங் பாய்’ பற்றிப் பேச்சு வந்தால் நாம் எல்லாருமே ஒரே மாதிரிதான் பேசுகிறோம். “அந்தக் காலம் எப்படி இருந்துச்சு! ஆறு, மீன், மரம்... இப்ப எங்க இருக்கு அதெல்லாம்?” பிறகு ஒரு பெருமூச்சு. எனக்கு இந்தப் பெருமூச்சில் உடன்பாடில்லை. ஏங்கிவிட்டு மூடிவைக்கிற புத்தகம் இல்லை அது.

லாட் என்கிற முகமட் நோர் காலிட் 1951-இல் பேராக், கோப்பேங் பக்கம் ஒரு கம்பத்தில் பிறந்தவர். 1979-இல் நூல் வெளிவந்தபோது அவருக்கு 28 வயது; கோலாலம்பூரில் பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரராகப் பெயர் வாங்கியிருந்தார். தன் பிள்ளைப்பருவத்தைப் பட்டணத்தில் இருந்துகொண்டு திரும்பிப் பார்த்து வரைந்திருக்கிறார்.

கறுப்பு மை மட்டும்தான். வாசகங்கள்கூடக் கையெழுத்தில்தான். மனிதர்களைக் கேலியாக வரைகிறார். மூக்கு உருண்டு நிற்கும், தலை பரட்டையாக இருக்கும். ஆனால் மரத்தையும் பலகை வீட்டையும் அவர் கேலி செய்வதில்லை. அவற்றுக்குப் பொறுமையாகக் கோடு போடுகிறார். சில பக்கங்களில் இலையும் நிழலும் காகிதத்தை அடைத்துக்கொள்ள, பையன் சின்னதாக ஒரு மூலையில் நிற்கிறான். சிறு வயதில் காடு நமக்கு அப்படித்தானே தெரிந்தது?

ஆனால் அதே கம்பத்துப் பக்கத்தில் ஈயக் கப்பலும் இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கு அது. தான் மிதக்கும் குளத்தைத் தானே தோண்டிக்கொண்டு நகரும் இரும்பு மிருகம். லாட் அதை வில்லனாகக் காட்டவில்லை. பையன்களுக்கு அதுவும் ஒரு வேடிக்கை. கூட்டாளிகளோடு சேர்ந்து மரத்தட்டில் மண்ணை அலசித் திருட்டுத்தனமாக ஈயம் எடுக்கிறான். பாராட்டுவார் என்று அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினால் அவர் கொதித்துப்போகிறார். படிப்பை விட்டுவிட்டு இதுவா என்று. பிறகு குடும்பத்துக்குச் சொந்தமான பால்மரங்களைக் காட்டி மகனுக்குப் பொறுப்பை உணர்த்துகிறார்.

தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இந்தப் பக்கத்தைச் சுலபமாகத் தாண்ட முடிவதில்லை. எங்கள் லயத்தில் எல்லா அப்பாக்களும் பால்மரம் வெட்டினார்கள். ஆனால் “இது நம்ம மரம்” என்று பிள்ளையிடம் சொல்ல ஒருவராலும் முடியாது. மரமும் துரையுடையது, வீடும் துரையுடையது. தோட்டத் துண்டாடலில் சனங்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் 1960-இல் துன் சம்பந்தன் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்க ஒரு கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சொந்த மண் என்ற ஒன்று எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியும்.

அதனால்தான் நூலின் முடிவு என்னைத் தொந்தரவு செய்கிறது. பையன் சோதனையில் தேறிவிட்டான். ஈப்போவில் விடுதிப் பள்ளி. சந்தோஷமாக ஓடி வந்தால், அவர்கள் நிலத்தை அளக்க ஈயக் கம்பெனி வந்திருக்கிறது. யாரும் விரட்டவில்லை. ஈயம் இருந்தால் நல்ல விலை கிடைக்கும், ஈப்போவில் வீடு வாங்கலாம் என்று பெரியவர்களே கணக்குப் போடுகிறார்கள். திரும்பி வரும்போது ஊர் இப்படியே இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டு பையன் கிளம்புகிறான். இருக்காது என்பது வரைகிறவருக்கும் தெரியும், வாசிக்கிற நமக்கும் தெரியும்.

நம் பக்கம் தோட்ட வாழ்க்கையை வரைகிற இளைஞர்களின் படங்களைப் பார்க்கிறேன். விடியல் பனி, பால்வாளி, தலையில் துணி கட்டிய அம்மா. கை நன்றாகவே ஓடுகிறது. ஆனால் கங்காணி எங்கே? லயத்தைக் காலி செய்யச் சொன்ன கடிதம் எங்கே? லாட் மரத்தை அவ்வளவு ஆசையாக வரைந்தார். நிலத்தை விற்கப் பேசிய தன் அப்பாவையும் மறைக்காமல் வரைந்தார். தோட்டத்தை வரைகிறவர்கள் அவரிடம் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.