அசைவூட்ட நிறுவனப் போட்டியும் மென்பொருள் வணிகமும்

தென்னிந்தியக் கணினி அசைவூட்டத் தொழில் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'எது முதல் படம்?' என்ற கேள்வியையே சுற்றி வருகிறது. 2014 மே 23 அன்று வெளியான கோச்சடையான், நடிப்புப் பதிவு நுட்பத்தில் உருவான இந்தியாவின் முதல் படம் என்று விளம்பரம் செய்யப்பட்டது. ஆனால் சென்னையின் பென்டாமீடியா கிராபிக்ஸ் நிறுவனம், உடலசைவுப் பதிவைக் கொண்டு சிந்துபாத் கதையை 2000ஆம் ஆண்டிலேயே முழுநீள ஆங்கிலப் படமாக்கியிருந்தது. இன்று அந்தப் படத்தை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே.

கோச்சடையானின் குறையை 'தொழில்நுட்பம் போதவில்லை' என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். நடிகரின் உடலிலும் முகத்திலும் பொருத்தப்படும் புள்ளிகளின் இடப்பெயர்ச்சியையே கணினி பதிவு செய்கிறது. பார்வையின் கனம், உதட்டோரத் துடிப்பு போன்றவற்றை அதன்பின் அசைவூட்டக் கலைஞர் சட்டம் சட்டமாகத் திருத்த வேண்டும். அவதார் (2009) படக்குழு இதற்காகவே ஆண்டுக்கணக்கில் உழைத்தது. அந்தப் படத்துக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அதன் நீலநிற மாந்தரை எவரும் முன்பு பார்த்ததில்லை. ரஜினிகாந்தின் நடையையும் கண்வீச்சையும் தமிழ்நாட்டுக் குழந்தைகூட அறியும். அந்த முகத்தில் இம்மியளவு பிசகினாலும் பார்வையாளர் உடனே கண்டுகொள்வார். மறைந்த நாகேஷின் உருவத்துக்கும் இது பொருந்தும். ஆகவே மிகக் கடினமான முகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு உரிய காலத்தை ஒதுக்காததே படத்தின் அடிப்படைப் பிழை. முதலிடத்துக்கான அவசரம் அந்தக் காலத்தைத் தின்றுவிட்டது என்றே கருத வேண்டியிருக்கிறது.

படங்கள் இப்படிப் போட்டியிட்டுக்கொண்டிருக்க, அவற்றை உருவாக்கும் கருவிகளின் சந்தையில் போட்டி குறைந்துகொண்டே வந்தது. 3டிஎஸ் மேக்ஸ் மென்பொருளை ஏற்கெனவே வைத்திருந்த அமெரிக்காவின் ஆட்டோடெஸ்க், மாயாவை உருவாக்கிய ஏலியாஸ் நிறுவனத்தை 2006இல் வாங்கியது. 2008இல் சாஃப்ட்இமேஜும் அதன் கைக்கு வந்தது. ஒன்றோடொன்று மோதிய மூன்று மென்பொருள்களுக்கும் ஒரே முதலாளி. ஜுராசிக் பார்க் டைனோசர்களை அசைத்த சாஃப்ட்இமேஜ் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு 2014 மார்ச்சில் வந்தது. பல்லாண்டு அதில் கைப்பழக்கம் பெற்றவர்கள் வேறு கருவியை முதலிலிருந்து கற்க நேர்ந்தது. 2016இல் நிரந்தர உரிமங்களின் விற்பனையும் முடிவுக்கு வந்தது. புதிதாக வருவோர் ஆண்டுதோறும் சந்தா கட்ட வேண்டும். மாணவருக்கு மட்டும் இலவசம். ஆனால் அந்த உரிமத்தைக் கொண்டு தொழில் செய்யக் கூடாது. படிக்கும்போது பழக்கிவிட்டு, சம்பாதிக்கும்போது வசூலிப்பது கெட்டிக்கார வணிகம்தான்.

ராயக்கோட்டை, ஓசூர் பகுதி மாணவர்களுக்கு இத்துறையில் அருகிலுள்ள வேலைச் சந்தை பெங்களூரு. சேலத்திலிருந்து ராயக்கோட்டை, ஓசூர் வழியாகச் செல்லும் ரயில் பாதை நேரே அங்குதான் போகிறது. ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனத்துக்கென்றே டெக்னிக்கலர் அங்கு ஒரு தனிப்பிரிவை நடத்தியது. 2011இல் வெளியான 'புஸ் இன் பூட்ஸ்' படத்தில் அந்தப் பிரிவின் உழைப்பு உண்டு. கதையும் பாத்திரமும் அமெரிக்க நிறுவனத்தின் சொத்து. 2025 பிப்ரவரியில் டெக்னிக்கலர் குழுமம் பணமின்றிச் சரிந்தபோது, இந்தியாவில் ஆயிரக்கணக்கானோரின் வேலை போயிற்று. அவர்களின் திறமையில் குறை இருந்ததாக எவரும் சொல்லவில்லை. ஐதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனத்தின் நிலை வேறு. 2008இல் தொடங்கிய சோட்டா பீம் அதன் சொந்தப் பாத்திரம். தொலைக்காட்சிக்கு வெளியேயும், பொம்மை, புத்தகப்பை என்று அதற்கு வருவாய் உண்டு.

டெக்னிக்கலர் சரிந்த சில நாள்களில், 2025 மார்ச் 2 அன்று, லாத்வியாவின் 'ஃப்ளோ' சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. சிறிய குழு, ஏறத்தாழ 35 லட்சம் யூரோ செலவு, முழுக்க பிளெண்டர் மென்பொருள். இந்த பிளெண்டரும் ஒரு வணிகத் தோல்வியிலிருந்து மீண்டதே. அதை உருவாக்கிய நிறுவனம் 2002இல் மூடப்பட்டபோது, பயனர்கள் ஏழே வாரங்களில் 1,00,000 யூரோ திரட்டி அதன் மூலநிரலை விடுவித்தனர். அன்று முதல் அது கட்டற்ற மென்பொருள்.

இதைக் காட்டி, பிளெண்டர் கற்றால் போதும் என்று மாணவரிடம் சொல்வது நேர்மையாகாது. பெரிய நிறுவனங்களின் பணித்தொடர் இன்றும் பெரிதும் மாயாவையே சார்ந்திருக்கிறது. வேலை தேடுபவர் அதை அறிந்திருக்கவே வேண்டும். சொந்தக் கதையைப் படமாக்க விரும்புபவரின் கணக்கு வேறு. சந்தா நின்றாலும், நிறுவனம் கைமாறினாலும், பிளெண்டரில் செய்த கோப்பை அவர் பத்தாண்டு கழித்தும் திறந்து திருத்திக்கொள்ளலாம்.